வெயில், சேறு, நெரிசல்... திறந்தவெளி இசை விழாவில் ரசிகருக்கு என்னதான் நடக்கிறது?

1970 செப்டம்பரில் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், ஒரு பால் பண்ணையில் இசை விழா நடந்தது. டிக்கெட் ஒரு பவுண்டு. டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். அதே பண்ணையில் 2025 ஜூனில் நடந்த கிளாஸ்டன்பரி விழாவுக்கு டிக்கெட் 373.50 பவுண்டு. முன்பதிவுக் கட்டணம் தனி. நம் கணக்கில் நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். ஆனாலும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள்.

இத்தனைக்கும் அங்கே பாடப்படும் பாட்டுகள் எல்லாருடைய போனிலும் இருக்கின்றன. ஏசி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் இதைவிடத் துல்லியமாகக் கேட்கும். மழை, வெயில், கழிவறை வரிசை எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் நம்மூரிலும் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் கூடிக்கொண்டே இருக்கிறது. அப்படிப் போகும் ரசிகர்களில் சிலர் 'லைஃப்டைம் அனுபவம்' என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். சிலர் காதில் இரைச்சலோடு வீடு திரும்புகிறார்கள். சிலர் டிக்கெட் இருந்தும் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். அரிதாக, சிலர் திரும்பி வருவதே இல்லை.

இந்த வித்தியாசத்துக்குப் பாடகர் பெரும்பாலும் காரணமில்லை. மேடைக்குக் கீழே உள்ள தரை, தண்ணீர், இடைவெளி, ஒலி, வெளியேறும் வழி ஆகியவைதான் ரசிகரின் அனுபவத்தைத் தீர்மானிக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

ஏன் கோடையில்? ஏன் வயல்வெளியில்?

ஐரோப்பாவில் வெயில் என்பது வரம். ஜூன் கடைசியில் கிளாஸ்டன்பரியில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை மணி ஆகிவிடும். நீண்ட பகல், குளிரில்லாத இரவு, விடுமுறை மனநிலை. மூன்றும் சேர்வதால்தான் அங்கே பெரிய இசை விழாக்கள் கோடையில் குவிகின்றன.

வயல்வெளிக்குக் காரணம் எளிமையானது. லட்சம் பேர் கூடாரம் போட்டுத் தங்க ஊருக்குள் இடம் கிடையாது. 1969 ஆகஸ்டில் நடந்த புகழ்பெற்ற வுட்ஸ்டாக் விழாவும் நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணையில்தான் நடந்தது. 4 லட்சத்துக்கும் மேல் கூட்டம் வந்துவிட, வேலி போட்டு முடிக்கவே நேரமில்லை. டிக்கெட் நிகழ்ச்சி இலவச நிகழ்ச்சியாகிவிட்டது. அந்த முதல் நாள் இரவில், மழைக்கு நடுவே சிதார் வாசித்தவர் பண்டிட் ரவிசங்கர்.

கிளாஸ்டன்பரியில் இன்றும் பண்ணை பண்ணையாகவே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவுக்கு விடுமுறை விட்டு நிலத்துக்கு ஓய்வு தருகிறார்கள். 2018 அப்படியொரு ஆண்டு. 2026-ம் அப்படித்தான். நம்மூர் விவசாயி சொல்வதுபோல, 'தரிசு போட்டுவிடுகிறார்கள்'. லட்சக்கணக்கான கால்கள் மிதித்த புல் மறுபடி முளைக்க வேண்டுமே!

டென்டுக்குள் விடியும் காலை

இந்த விழாக்களைப் பற்றி ரீல்ஸில் தெரிவது இரவு வெளிச்சமும் பாட்டும்தான். ரசிகரின் நாளில் அது சில மணி நேரம் மட்டுமே. மீதி நேரம் என்ன நடக்கிறது?

கிளாஸ்டன்பரிக்கு டிக்கெட் எடுக்க முதலில் புகைப்படத்தோடு பெயர் பதிவு செய்ய வேண்டும். டிக்கெட்டில் அந்தப் படம் இருக்கும், இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. பிளாக்கில் விற்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. விற்பனை தொடங்கினால் சுமார் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். யார் பாடப்போகிறார்கள் என்ற முழுப் பட்டியலும் வெளிவருவதற்கு முன்பே! ரசிகர்கள் பாடகரை நம்பி வாங்குவதில்லை, விழாவை நம்பி வாங்குகிறார்கள்.

உள்ளே போனதும் மூட்டை முடிச்சோடு நீண்ட நடை. கூடாரம் போட நல்ல இடம் பிடிப்பது முதல் போட்டி. சரிவின் அடியில் போட்டால் மழை பெய்ததும் தண்ணீர் உள்ளே வரும். கழிவறைக்குப் பக்கத்தில் போட்டால் இரவு முழுக்க நடமாட்டம், கூடவே நாற்றம். காலையில் வெயில் ஏறியதும் நைலான் கூடாரம் இட்லிப் பானையாகிவிடும். இரவு மூன்று மணிக்குப் படுத்தவரும் ஏழு மணிக்கெல்லாம் வியர்த்து எழுந்துவிடுவார்.

மழை வந்தால் கதையே வேறு. கிளாஸ்டன்பரியில் 1997, 1998, 2005, 2007, 2016 எல்லாம் 'சேற்று ஆண்டுகள்' என்றே ரசிகர்கள் நினைவில் இருக்கின்றன. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடாமல் நகர முடியாது. நாற்று நடும் வயலில் ஆயிரக்கணக்கானோர் நடந்தால் எப்படி இருக்கும், அப்படி.

ஜப்பானின் ஃப்யூஜி ராக் விழா 1997-ல் ஃப்யூஜி மலையடியில் தொடங்கியபோது முதல் நாளே புயல் புரட்டிப்போட்டது. இரண்டாம் நாள் ரத்து. 1999 முதல் நயேபா என்ற பனிச்சறுக்கு மலைப் பகுதிக்கு மாறிய அந்த விழாவுக்குப் போகிறவர்கள் இன்றும் மழைக்கோட்டை மறப்பதில்லை. குடை பிடித்தால் பின்னால் நிற்பவருக்கு மேடை தெரியாது.

பின்னால் நிற்பவருக்குப் பாட்டு லேட்டாக வருமா?

வரும். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்ஸ் அடி கிட்டத்தட்ட 0.3 வினாடி தாமதமாகக் கேட்கும். ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. அதனால் பெரிய திரையில் குச்சி டிரம்ஸில் விழுந்த பிறகுதான் 'டம்' என்ற சத்தம் வரும்.

தாமதம்கூடப் பரவாயில்லை, தூரம் போகப் போகச் சத்தமும் குறைகிறது. இதற்காக மைதானத்தின் நடுவிலும் பின்னாலும் தனி ஸ்பீக்கர் கோபுரங்கள் வைப்பார்கள். இவற்றுக்கு 'டிலே டவர்' என்று பெயர். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இந்த ஸ்பீக்கர்கள் வேண்டுமென்றே தாமதமாக ஒலிக்கும்படி வைக்கப்படுகின்றன.

ஏன்? மின்சாரம் வழியாகப் போகும் பாட்டு கோபுரத்துக்கு நொடியில் போய்ச் சேரும். காற்று வழியாக மேடையிலிருந்து வரும் அதே பாட்டு 0.3 வினாடி கழித்து வரும். இரண்டும் காதில் விழுந்தால் கோயில் மைக் செட்டில் கேட்பதுபோல ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். அதனால் கோபுரத்தின் ஒலியை அதே 0.3 வினாடி நிறுத்தி, அதற்கு மேலும் மிகச் சிறிய இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள். முதலில் வரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, பாட்டே அங்கிருந்துதான் வருகிறது என்று நம் மூளை முடிவு செய்துவிடும். ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தாலும் பாடகர் மேடையில் பாடுவதாகவே தோன்றும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் விளக்கியதால் இதை 'ஹாஸ் விளைவு' என்கிறார்கள்.

திறந்தவெளியில் இன்னொரு விளையாட்டும் உண்டு. பகலில் தரை சுடும். தரையை ஒட்டிய காற்றும் சூடாக இருக்கும். அப்போது ஒலி மேல்நோக்கி வளையும், பின்வரிசைக்காரருக்குச் சரியாகக் கேட்காது. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் ஒலி கீழ்நோக்கி வளையும், வெகுதூரம் போகும். மாலை நாலு மணிக்குப் 'சவுண்டே இல்லப்பா' என்று முணுமுணுத்த அதே இடத்தில் இரவு ஒன்பது மணிக்கு நெஞ்சு அதிரும். பக்கத்து ஊர்க்காரர்கள் போலீஸுக்குப் போன் போடுவதும் அந்த நேரத்தில்தான்.

சுவரும் கூரையும் இல்லாததால் ஒலி திரும்பி வராது, சிதறிப் போய்விடும். நம் முன்னோருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. கோயில் வீதி உலாவுக்கு நாகஸ்வரமும் தவிலும், கூடத்துக்கு வீணை என்று கருவிகள் பிரிந்திருப்பதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

நல்ல சவுண்டு எங்கே கேட்கும் என்றால், மைதானத்தின் நடுவில் ஒலிப் பொறியாளர் உட்கார்ந்திருக்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில். அவர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதை வைத்துத்தான் எல்லாருக்கும் ஒலியைச் சரிசெய்கிறார். மேடைக்கு முன்வரிசை பாடகரைப் பார்ப்பதற்கு நல்ல இடம், பாட்டைக் கேட்பதற்கு அல்ல.

காதில் 'ஙொய்' என்று ஒலிப்பது எச்சரிக்கை

நிகழ்ச்சி முடிந்து வண்டியை எடுக்கும்போது உலகமே பஞ்சு வைத்து அடைத்ததுபோல இருக்கும். காதுக்குள் மெல்லிய ரீங்காரம். 'செம சவுண்டு, இன்னும் காதுல ஒலிக்குது' என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அளவுக்கு மீறி அடிவாங்கியதன் அடையாளம் அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் அந்தச் செல்கள் செத்துப்போனால் மறுபடி முளைப்பதில்லை.

டெசிபல் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் ஒரு பாதுகாப்பு விதிப்படி 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம். பெரிய இசை நிகழ்ச்சிகளில் சாதாரணமாக எட்டப்படும் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். ரசிகரோ அங்கே நாலைந்து மணி நேரம் நிற்கிறார்.

இதற்குத் தீர்வு மிக மலிவானது. 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி இசை விழாவுக்கு 51 தன்னார்வலர்களை அழைத்துப் போய் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு இயர்பிளக், மீதிப் பேருக்கு வெறும் காது. நான்கரை மணி நேரம் கழித்துச் சோதித்தபோது, பாதுகாப்பில்லாத காதுகளில் 42 சதவீதத்தில் தற்காலிகச் செவித்திறன் குறைவு இருந்தது. இயர்பிளக் போட்ட காதுகளில் 8 சதவீதம் மட்டுமே.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, ரசிகர்களுக்குக் காதுப் பாதுகாப்பு கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான பகுதி வேண்டும் என்கிறது அது. நம்மூரில் இயர்பிளக் கொடுக்கும் நிகழ்ச்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மருந்துக்கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதே நடைமுறை வழி. குழந்தையைக் கூட்டிப்போனால் காதை முழுதாக மூடும் 'இயர்மஃப்' கட்டாயம்.

ஒரு பாட்டில் தண்ணீரின் விலை

1999 ஜூலையில் வுட்ஸ்டாக்கின் 30-ம் ஆண்டு விழா நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் நடந்தது. இம்முறை பண்ணை இல்லை. கைவிடப்பட்ட விமானப்படைத் தளம். எங்கு பார்த்தாலும் தாரும் கான்கிரீட்டும். வெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. உள்ளே ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலர். இலவசக் குழாய்களில் முடிவில்லாத வரிசை. கழிவறைகள் நிரம்பி வழிந்தன. கடைசி இரவில் கூட்டம் தீ வைத்தது, கடைகளைச் சூறையாடியது. உயிரிழந்தவர்களில் ஒருவர் உடல் வெப்பம் அளவுக்கு மீறியதால் இறந்தார்.

1969 விழாவிலும் சோறு தண்ணீர் போதவில்லைதான். ஆனால் அங்கே புல் இருந்தது, மரம் இருந்தது, மழை இருந்தது. 30 ஆண்டு கழித்து அதே பெயரை வைத்தவர்கள் தரையை மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு உதாரணம், 2023 நவம்பர் 17, ரியோ டி ஜெனீரோ. டெய்லர் ஸ்விஃப்ட் நிகழ்ச்சிக்கு வந்த 23 வயது ரசிகை வெப்பத்தால் மயங்கி விழுந்து இறந்தார். அன்று அந்த நகரில் உடல் உணர்ந்த வெப்பம் கிட்டத்தட்ட 60 டிகிரி. ரசிகர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டுவர அனுமதி இல்லை என்பது பெரிய சர்ச்சையானது. மறுநாளே பிரேசில் அரசு, நிகழ்ச்சிகளுக்குச் சொந்தத் தண்ணீர் கொண்டுவர அனுமதிக்க வேண்டும், வெப்பமான நாட்களில் இலவசமாகத் தண்ணீர் தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

சென்னைக்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. 2024 அக்டோபர் 6-ல் மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி பார்க்கப் போனவர்களில் 5 பேர் உயிரிழந்தனர். அது இசை நிகழ்ச்சி இல்லை. ஆனால் நிழலில்லாத மைதானம், பெருங்கூட்டம், நடுப்பகல் வெயில் என்ற சேர்க்கை அதேதான்.

உடல் தன்னைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதால். கடலோர நகரங்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், வியர்வை காய்வதில்லை. சுற்றிலும் உடல்கள் நெருங்கி நின்றால் காற்றும் வராது. இதோடு ரசிகர்களுக்கே உரிய ஒரு பழக்கமும் சேர்கிறது. முன்வரிசை இடத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருப்பவர்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். 'தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், போனா இடம் போயிடும்.' குறிப்பாகப் பெண்கள். கழிவறை தூரத்தில் இருந்தால், அழுக்காக இருந்தால், வெப்ப மயக்கம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள் இல்லை.

தலைசுற்றல், தலைவலி, குமட்டல், அளவுக்கு மீறிய வியர்வை வந்தால் உடனே நிழலுக்குப் போய் உட்கார்ந்து தண்ணீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, குழப்பமாக நடந்துகொண்டாலோ அது வெப்பத்தாக்கு. உடலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நெரிசலில் யாரும் ஓடுவதில்லை

கூட்டத்தில் உயிர்கள் போனால் செய்திகளில் உடனே வரும் வரி, 'பதற்றத்தில் ஓடியவர்கள் மிதித்ததில்' என்பது. பெரும்பாலான நேரங்களில் நடப்பது வேறு. ஓடுவதற்கு இடமே இருக்காது. நின்ற நிலையில் மார்புக்கூடு விரிய முடியாமல் மூச்சு நின்றுவிடுகிறது.

கணக்கு இதுதான். ஒரு சதுர மீட்டரில் இரண்டு மூன்று பேர் நின்றால் நகரலாம், திரும்பலாம். நாலைத் தாண்டினால் இறுக்கம். ஆறேழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் திரவம்போல நடந்துகொள்ள ஆரம்பிக்கும். பின்னால் ஒருவர் சாய்ந்தால் அந்த அலை முன்வரிசை வரை போகும். அந்த விசை ஆட்களைச் செருப்போடு சேர்த்தல்ல, செருப்பிலிருந்தே தூக்கிவிடும் என்று கூட்ட நெரிசல் ஆய்வாளர் ஜான் ஃப்ரூயின் பதிவு செய்திருக்கிறார்.

பிரான்சின் லியோன் நகர இயற்பியலாளர்கள் ஸ்பெயினின் பாம்ப்லோனா திருவிழாக் கூட்டத்தை மேலிருந்து படம்பிடித்து 2025-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வெளியிட்டார்கள். கூட்டம் ஓர் அளவுக்கு மேல் அடர்ந்ததும், யாரும் திட்டமிடாமலே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து வட்டமாக அசைய ஆரம்பிக்கிறார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 18 வினாடி. அந்த அசைவை முன்கூட்டியே கண்டுபிடித்தால் விபத்தைத் தவிர்க்கலாம் என்பது அவர்கள் வாதம். 2010 ஜூலை 24-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 'லவ் பரேட்' இசை விழாவில் 21 பேர் இறந்தபோது எடுத்த வீடியோக்களிலும் அதே அசைவு தெரிந்தது. அங்கே உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சுரங்கப்பாதை, ஒரே சரிவு. பத்து ஆண்டு கழித்து, 2020-ல், வழக்கு தீர்ப்பில்லாமலே முடிந்தது.

டென்மார்க்கின் ரோஸ்கில்ட விழாவில் 2000 ஜூன் 30 இரவு, பேர்ல் ஜாம் குழு பாடிக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் 9 பேர் நெரிந்து இறந்தார்கள். அதன் பிறகு மேடை முன்னுள்ள இடத்தைத் தடுப்புகளால் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேர்தான் என்று எண்ணி விடும் முறை வந்தது. ரோஸ்கில்ட இன்றும் நடக்கிறது. பிரச்சினை கூட்டமல்ல, கூட்டத்தைப் பிரிக்காததுதான் என்பதற்கு அது சாட்சி.

பாடம் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 2021 நவம்பர் 5-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் 10 பேர் இறந்தார்கள். இளையவருக்கு வயது 9. மூத்தவருக்கு 27. பலர் பாதிக்கப்பட்டிருப்பதாக அதிகாரிகள் அவசரநிலை அறிவித்த பிறகும் சுமார் அரை மணி நேரம் நிகழ்ச்சி தொடர்ந்தது. 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, அந்தச் சொல் மேடைக்கு எத்தனை நொடியில் போய்ச் சேரும் என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும் என்பது அதன் பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது.

உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

• நாலு பக்கமும் உடல்கள் உரசத் தொடங்கினால் அதுவே கிளம்பும் நேரம். கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியாத நிலை வரை காத்திருக்கக் கூடாது.
• இரு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.
• அலை தள்ளும்போது எதிர்த்து நிற்க வேண்டாம். அலை ஓய்ந்ததும் பக்கவாட்டில் குறுக்காக நகர்ந்து ஓரத்துக்கு வர வேண்டும்.
• போன் விழுந்தால் குனிய வேண்டாம். போன் போனால் போகட்டும்.
• கத்துவதைக் குறைத்து மூச்சைச் சேமிக்க வேண்டும். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் சேர்ந்து உடனே தூக்கிவிட வேண்டும்.

'மச்சி, எங்க இருக்க?' மெசேஜ் ஏன் போகவில்லை?

ஒரு செல்போன் கோபுரம் ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புகளைத்தான் தாங்கும். வழக்கமாகச் சில ஆயிரம் பேர் இருக்கும் பகுதியில் திடீரென்று ஐம்பதாயிரம் பேர் கூடி, எல்லாரும் ஒரே பாட்டுக்கு வீடியோ அனுப்பினால் கோபுரம் திணறும். போனில் கட்டைகள் முழுதாகக் காட்டும். டேட்டா மட்டும் நகராது. பெரிய விழாக்களில் தற்காலிகக் கோபுரங்களை வண்டியில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நம்மூரில் அதை நம்பிப் போக முடியாது.

அதனால் பழைய முறையே நல்லது. 'பிரிஞ்சிட்டா இந்தக் கடை முன்னாடி, ஒவ்வொரு மணிக்கும்' என்று உள்ளே நுழையும்போதே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் போகாத இடத்தில் சாதாரண எஸ்.எம்.எஸ். சில சமயம் போய்விடும். க்யூ.ஆர். டிக்கெட்டை வீட்டிலேயே டவுன்லோடு செய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது அவசியம்.

சென்னையில் என்ன நடந்தது?

2023 செப்டம்பர் 10. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் அருகே ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி. ஆகஸ்டில் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. அன்று சாலையில் பல மணி நேரம் போக்குவரத்து ஸ்தம்பித்தது. டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். உள்ளே போனவர்களில் பலர் நெரிசலில் தவித்தார்கள். குழந்தைகள் அழுதார்கள், பெண்கள் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ரஹ்மான் வருத்தம் தெரிவித்து, பாதிக்கப்பட்டவர்கள் டிக்கெட் நகலோடு புகார் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்றார்கள்.

அன்று பாட்டைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. இடம், வழி, எண்ணிக்கை. மூன்றில்தான் பிரச்சினை. டூயிஸ்பர்க்கில் நடந்ததும், ரோஸ்கில்டில் நடந்ததும் இந்த மூன்றில்தான். சென்னையில் உயிரிழப்பு இல்லாமல் தப்பியது அதிர்ஷ்டம். 2025 செப்டம்பர் 27-ல் கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் இறந்த பிறகு, திறந்தவெளிக் கூட்டம் என்றாலே இந்தக் கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியாது.

டிக்கெட் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

• உட்காரும் இடமா, நிற்கும் இடமா? நிற்கும் இடம் என்றால் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்களா?
• தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாமா? இல்லையென்றால் உள்ளே இலவசக் குடிநீர் உண்டா? கிளாஸ்டன்பரி 2019-ல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் விற்பனையை நிறுத்தியபோது கூடவே குழாய்களைக் கூட்டியது. தடை மட்டும் போட்டுக் குழாய் வைக்காதது ஏற்பாடு ஆகாது.
• எத்தனை வாசல்? நுழைவும் வெளியேற்றமும் தனித்தனியா?
• பார்க்கிங் எங்கே? அங்கிருந்து எவ்வளவு நடை? நிகழ்ச்சி முடிந்ததும் பஸ், ரயில் உண்டா?
• கழிவறையும் முதலுதவி இடமும் மேப்பில் காட்டப்பட்டிருக்கிறதா?
• மழை வந்தால், ரத்தானால், உள்ளே விட முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில் கிடைக்காத கேள்விகளே ஒரு பதில்தான். உள்ளே போனதும் மேடையைத் தேடும் முன் இரண்டாவது வாசலைத் தேடிப் பார்த்துவைப்பது நல்லது. எல்லாரும் வந்த வழியாகவே வெளியேற முயல்வார்கள்.

அப்படியும் ஏன் போகிறார்கள்?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் டன்பர் உள்ளிட்டோர் 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் அறிமுகம் இல்லாதவர்களைப் பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு என்று பிரித்து ஏழு மாதம் கவனித்தார்கள். முடிவில் எல்லாக் குழுக்களிலும் நட்பு உருவானது. ஆனால் சேர்ந்து பாடியவர்கள் மட்டும் ஆரம்பத்திலேயே வேகமாக நெருங்கிவிட்டார்கள்.

ஹெட்போன் தர முடியாதது இதைத்தான். பல்லவி வந்ததும் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். முப்பதாயிரம் பேர் ஒரே வரியைப் பாடுவார்கள். சுருதி சேராது, தாளம் பின்வரிசையில் அரை நொடி தள்ளி வரும். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது, ஆனால் அவருக்கும் அந்த வரி மனப்பாடம். கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாட்டுக் கச்சேரி கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த ஒரு வரிக்காகத்தான் ரசிகர் சேற்றையும் வெயிலையும் பொறுத்துக்கொள்கிறார். மூச்சுவிட இடமும் குடிக்கத் தண்ணீரும் வீடு திரும்ப வழியும் அப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டிய பட்டியலில் வராது. அவற்றுக்கும் சேர்த்துத்தான் அவர் டிக்கெட் வாங்கியிருக்கிறார்.